மீசை வைத்த போட்டோ

"இவருதான் எங்க நைனா. எங்கியாவது பாத்தீங்களா? இப்ப இந்த முடி இல்ல, மீசையும் இல்ல."

போனை நீட்டி நீட்டி ஸ்வர்ணலதாவுக்குக் கை மரத்துவிட்டது. போட்டோவில் அவள் அப்பா முனியப்பன் வெள்ளைத் தலையும் கன்னம்வரை முறுக்கிய மீசையுமாக இருந்தார். காலையில் அவள்தான் பக்கத்தில் நின்று இரண்டையும் மழிக்கச் சொன்னாள். திருமலையில் மொட்டைக்கா பஞ்சம்? திரும்பின பக்கமெல்லாம் சந்தனம் பூசிய கிழத்தலைகள். இதில் எந்த மொட்டையைப் பார்த்தேன் என்று எவன் சொல்லுவான்!

துண்டை அலசக் குழாய்ப்பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். படியில் உட்கார வைத்திருந்த மனிதரைக் காணோம். மேலே சட்டைகூட இல்லை, அது அவள் தோளில் கிடந்தது. பேர் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஊர் நாகலாபுரம் என்றும் வாயில் வராது.

மூளைக்குப் போகிற பொடி ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன, போன ஞாபகம் போனதுதான், பிரஷர் மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி கிஷோர் அதோடு அடங்கிவிட்டான். இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. முடி கொடுத்தால் சாமி புத்தியைத் திருப்பிக் கொடுப்பார் என்று வேண்டிக்கொண்டாள். பாவி மகள், மீசையையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா!

கோயிலில் தொண்டு செய்ய வந்திருந்த நரசிம்மன், காணாமல் போனவர்களை உட்கார வைக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். பெஞ்சில் நாலைந்து கிழவர்கள், எல்லாரும் மொட்டை.

"நல்லா பாரும்மா. இதுல இருக்காரா?"

இல்லை. ஓரத்திலிருந்த ஒருவர் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா கண்ணு? வா, ஊட்டுக்குப் போலாம்."

"நான் உங்க பொண்ணு இல்ல தாத்தா." விரல் விரலாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது.

"இவங்கல்லாம் யாருண்ணா?"

"எல்லாம் உங்க நைனா மாதிரிதாம்மா. வயசானா மறதின்னு நாம உட்டுட்றோம். எங்க புத்தூர்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க, யாரும் வெளியில சொல்றதில்ல." நரசிம்மன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கம்மாவ உள்ள வெச்சி கதவ பூட்டிக்கன்னு ஊட்ல சொல்லிட்டுதான் நானே வந்துக்கிறேன்."

அப்போதுதான், வேறு பக்கம் தேடப் போயிருந்த கிஷோரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு வா. ஒருத்தரு மரத்தடியில குந்திக்கினு இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம். உசுரு போயிடுச்சின்றாங்க. எனக்கு நைனாவான்னு தெரியலக்கா."

"இன்னாடா பேசுற? பெத்த அப்பன் மூஞ்சி தெரியாதா உனக்கு?"

திட்டிக்கொண்டேதான் ஓடினாள். நர்ஸ் துணியை விலக்கியதும் அவளுக்கும் தெரியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. மழித்த கன்னம் பச்சைப்பிள்ளைக்குப் போல இருந்தது. இடுப்பில் ஊரிலுள்ள எல்லாரும் கட்டுகிற அதே வெள்ளை வேட்டி. இது யாரோ! நைனா எங்கேயோ உயிரோடு அலைந்துகொண்டிருக்கிறார், பசித்து அழுதுகொண்டிருப்பார், போய்ப் பிடித்துவிடலாம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு. இவர் இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

இன்னொரு தரம் பார்த்தாள்.

பிறகு குனிந்து, ஆள்காட்டி விரலை அந்த மூக்குக்குக் கீழே, மேலுதட்டின்மேல் மீசை போலக் குறுக்காக வைத்தாள்.

கிஷோர் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க நைனாதானாம்மா?" என்றாள் நர்ஸ். வெளியே யாரோ கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். நர்ஸ் மெதுவாகத் துணியை இழுத்து மூட வந்தாள்.

ஸ்வர்ணலதா விரலை எடுக்கவில்லை.