அனுமதி: எப்போதும்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முதல் வரைவில் அருண்குமார் என்றொருவன் இருந்தான். அவசரக்காரன். பழி முழுவதையும் அவன்மேல் போட்டிருந்தேன். சங்கரன்கோவிலில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அப்படி ஒருவனும் கிடையாது. (மூன்றே பேர்: முதலாளி செல்லப்பா, ரூபியா, நான்.)

2.

நிரலில் நாங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி கிட். வெளியிலிருந்து அது எந்தெந்த வழியில் நிரலைக் கொண்டுவரலாம் என்றும் கட்டுப்படுத்தலாம். பாதுகாப்பான இணைய வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ரூபியா அடைத்திருந்தாள்.

"அதுவா எதையும் இழுத்துட்டு வந்துரக் கூடாதுண்ணே. சில வழில நிரல் வராது, கட்டளையே வந்து ஓடிரும்."

ஆடித்தபசுத் திருவிழாவுக்கான பஸ் நேரச் செயலியை மறுநாள் கொடுக்க வேண்டும். என் பென்டிரைவில் இருந்த பகுதியைக் கிட் ஏற்க மறுத்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிரு— (அடித்துவிட்டேன். நல்ல வெயில்.) ரூபியா சாப்பிடப் போயிருந்தாள். ஒரே வரி தட்டினேன்: எல்லா வழிக்கும் 'எப்போதும் அனுமதி'. வேலை முடிந்தது. திரும்ப அடைக்க மறந்துவிட்டேன்.

['மறந்துவிட்டேன்' மூன்றாம் வரைவில் வந்தது. இரண்டாம் வரைவில் 'சோம்பல்பட்டேன்'.]

3.

இரண்டு நாள் கழித்து, செயலியில் சேர்க்க, யாரோ இணையத்தில் இலவசமாக வைத்திருந்த வரைபடத் தொகுப்பு ஒன்றை இறக்கினோம். அதற்குள் ஒளிந்திருந்த முகவரி கட்டளையாக ஓடி, செயலி இருந்த சர்வரைத் துடைத்துவிட்டது. திருவிழாவன்று செயலி இல்லை.

"நீதானம்மா இதப் பாத்துக்கிடுதே?" என்றார் செல்லப்பா.

"நான் அடைச்சுத்தான் வச்சிருந்தேன் சார்."

"அப்ப தொறந்தது யாரு?"

"கிட் நிரல் மாத்தத்தத்தான் பதியும். அதோட சொந்த அமைப்ப மாத்துனா மட்டும் எங்கயும் பதிவாகாது சார்."

எல்லாவற்றையும் பதியும் கருவி என்னை மட்டும் விட்டுவிட்டது. நான் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமையிலிருந்து ரூபியாவை வர வேண்டாமென்றார்.

4.

முடிவு அ: ரூபியாவுக்குச் சென்னையில் இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது. (எனக்குப் பிடித்த முடிவு. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை.)

முடிவு ஆ: நான் எழுந்து செல்லப்பாவின் அறைக்குப் போய்

மூன்று வாரமாக இந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது.

இன்று காலை ரூபியா கடையநல்லூரிலிருந்து போன் செய்தாள். அனுபவச் சான்றிதழில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறாராம். போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கிறார்களாம்.

"சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அங்கன எனக்காகப் பேச உங்கள விட்டா யாரு இருக்கா?"

"சொல்லுதேன்" என்றேன்.

செல்லப்பா அறையில்தான் இருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து நிறுத்தற்குறிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த பகுதிக்கு எண் மட்டும் போட்டுவைத்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பீர்கள், இல்லையா?

5.