என் கால்சட்டையைத் துளைத்த தோட்டா

முப்பத்தொரு வருடம் ஒக்லஹோமா முழுக்க ஆலங்கட்டி மழைச் சேதம் பார்த்து காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதியவன் நான். கார் கூரையில் இருக்கும் பள்ளம் வானத்திலிருந்து விழுந்ததா, சொந்தக்காரர் சுத்தியலால் தட்டியதா என்று கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் சந்தேகம் மட்டும் தினமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, தோட்டா தயாரித்து விற்கும் என் நண்பன் ஹார்லன் தன் கொட்டகை மேசையில் கறுப்புத் துணி விரித்து, சுட்டு எடுத்த ஐந்து தோட்டாக்களை வரிசையாக வைத்தபோது எனக்கு மூக்கு அரித்தது. ஐந்தும் அவன் கையால் தயாரித்தவை. முனையில் குழி வைத்து, உடம்பில் பட்டதும் இதழ் விரிப்பதுபோல் விரிந்து உள்ளேயே நின்றுவிடும் ரகம். ஐந்தும் ஒரே அச்சில் வார்த்த செம்பருத்திபோல் விரிந்திருந்தன. முப்பத்தொரு வருடத்தில் ஐந்து பள்ளம் ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததேயில்லை.

"பாத்துக்க நெல்டா. இதப் போட்டு வெச்சா நீ நிம்மதியாத் தூங்கலாம்" என்றான் ஹார்லன்.

நெல்டாவுக்கு வேண்டியதும் அந்தத் தூக்கம்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஊர்க்கோடியில், தகரமும் அட்டையுமாகச் செய்து, லாரியில் இழுத்து வந்து நிறுத்திய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஏப்ரலில் கர்ட் என்று ஒருவன் அவள் கதவை உடைத்து உள்ளே வந்தான். அன்று அவளைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு நாய். வருகிற வெள்ளிக்கிழமை அவனைச் சிறையிலிருந்து விடுகிறார்கள். அவளிடம் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைக்குழல் ரிவால்வர் ஒன்று. அதில் எதைப் போடுவது என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும். அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, நாய்க்காரரின் இரண்டு பேத்திகள் தூங்குகிறார்கள். ஆளைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற தோட்டா அவளுக்கு ஆகாது.

"எதுல சுட்டுப் பாத்த?" என்று கேட்டேன்.

"வழக்கம்போலத்தான்யா. சதைக்குப் பதிலா ஜெலட்டின் கட்டி, முன்னால நாலு மடிப்பு ஜீன்ஸ்."

"அந்த ஜீன்ஸக் காட்டு."

மூலையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தான். தொட்டுப் பார்த்தேன். ஹார்லனின் மருமகளுடையது, இழுத்தால் நீளும் துணி. அதை முகத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் நிற்கும் ஹார்லனின் மீசை முடியை எண்ணலாம்.

"இது ஜீன்ஸா, கொசுவலையா? கர்ட் என்ன உன் மருமக துணியப் போட்டுக்கிட்டா வருவான்?"

"வேற துணி இங்க இல்ல வென்டெல். நீ வேணா அவுத்துக் குடு!"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் அவிழ்த்துக் கொடுத்தேன். பண்ணை வேலைக்குத் தைத்த கால்சட்டை, நிறுத்தி வைத்தால் தானே நிற்கும். ஒரு காலை இன்னொரு காலின் மேல் மடித்துப் போட்டால் கணக்காக நாலு மடிப்பு. கோழிக்குஞ்சுப் படம் போட்ட உள்ளாடையோடு ஆகஸ்ட் வெயிலில் நின்றேன். நெல்டா வானத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு ஜெலட்டின் கட்டி என்னுடையது, வீட்டு சூப்புப் பானையில் நானே காய்ச்சியது. ஹார்லன் தன் நீளக்குழல் துப்பாக்கியால் சுட்டான். தோட்டா என் கால்சட்டையைத் துளைத்து, கட்டியைத் துளைத்து, பின்னால் இருந்த பலகையில் போய்க் குத்தியது. தோண்டி எடுத்தால் முனைக் குழியில் நீல நூல் அடைத்திருந்தது. ஓர் இதழ்கூட விரியவில்லை.

"மாட்டுனியா!" என்று குதித்தேன். கோழிக்குஞ்சுகளும் குதித்தன. "ஊரையே ஏமாத்தப் பாத்தியே!"

ஹார்லன் கோபப்படவில்லை. கட்டியின் ஓரத்தை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது.

"யோவ், இது எங்க இருந்துச்சு காலைலேர்ந்து?"

"வண்டியில."

"வண்டிக்குள்ளயா, பின்னாடி திறந்த தொட்டியிலயா?"

வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பந்து சுட்டுப் பாத்தியா?"

தோட்டா சோதித்துப் பார்க்கும் எங்கள் ஆட்கள் யாரும் அதை மறக்கமாட்டார்கள். தோட்டாவைத் தொடும் முன்பே காற்றுத் துப்பாக்கியால் சிறு இரும்புப் பந்தைக் கட்டியில் சுட்டு, எவ்வளவு ஆழம் போகிறதென்று அளந்துவிடுவோம். மூன்று மூன்றரை அங்குலம் போனால் கட்டி சரி. அடுத்தவன் புளுகைப் பிடிக்கும் அவசரத்தில் நான் அதை மறந்திருந்தேன். இப்போது சுட்டோம். ஆறு அங்குலம் போனது. நான் கொண்டுவந்தது ஜெலட்டின் இல்லை, சூப்பு.

"முப்பத்தொரு வருஷம் அறிக்கை எழுதினவராமே" என்றான் ஹார்லன்.

"கொசுவலக்காரன் பேசாத."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" நெல்டா முதல்முறையாகச் சத்தம் போட்டாள். "இவ்வளவு நேரமா யார் துப்பாக்கியில சுடுறீங்க? கர்ட் வந்தா, ஹார்லன், உங்க நீளத் துப்பாக்கியத் தூக்கிட்டு நீங்களா வருவீங்க? உங்க ஃப்ரிட்ஜ்ல வேற கட்டி இருக்கா?"

இருந்தது. கொண்டுவந்தான், பந்தை அவளே சுட்டு அளந்தாள். சரியாக இருந்தது. என் கால்சட்டையின் துளைபடாத இடத்தை மடித்துப் போட்டு, தன் ரிவால்வரில் ஹார்லனின் தோட்டாக்கள் ஐந்தைப் போட்டுச் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவள் கை தோள்வரை எகிறியது. இரண்டுதான் கட்டியில் பட்டன. குட்டைக் குழலில் வேகம் போதாமல் இரண்டுமே விரியவில்லை, கட்டியைத் தாண்டிப் பலகைக்குப் போயின. மற்ற மூன்றும் பலகைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் புதைந்தன.

அடுத்து, கொட்டகையில் இருந்த கண்ணாடி அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவளே ஒரு பெட்டியை எடுத்தாள். காகித இலக்குக்குச் சுடும் மொட்டை முனைத் தோட்டா.

"அது விரியவே விரியாதே!" ஹார்லன் பதறினான்.

"உங்களுது மட்டும் விரிஞ்சுச்சா?"

ஐந்து சுட்டாள். கை லேசாக ஆடியதோடு சரி. ஐந்தும் கட்டியில், ஒரு காப்பித் தட்டு அகலத்துக்குள். பதினைந்து அங்குலம் போய் உள்ளேயே நின்றிருந்தன.

"அழகாவே இல்லையேம்மா" என்றான் ஹார்லன், செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்து.

அவள் மண்மேட்டைக் காட்டினாள். "உங்க தோட்டா மூணு அங்க போச்சே, என் வீட்டுல அது எங்க போயிருக்கும்?"

பத்தடி தள்ளித் தூங்கும் இரண்டு பேர் எங்கள் இருவர் நினைவுக்கும் ஒன்றாக வந்தார்கள். ஹார்லன் கறுப்புத் துணியைச் சுருட்டினான்.

திங்கள் முதல் வியாழன் வரை, சாயங்காலப் பேருந்தை நிறுத்தியதும் அங்கே வந்து ஐம்பது ஐம்பதாகச் சுட்டாள். இரண்டாம் நாள் தன் வீட்டில் கட்டிலும் சுவர்களும் இருக்கும் இடத்தை வரைந்துகொண்டு வந்து, எந்தப் பக்கம் நின்றால் பேத்திகள் இருக்கும் சுவருக்கு நேராகக் குழல் திரும்பாது என்று ஹார்லனிடம் கேட்டுக்கொண்டாள். அன்றே போய்க் கட்டிலையும் நகர்த்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கர்ட்டை விட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏழு முறை மணி அடித்தது, எனக்குள் ஏழுவிதமான பயம் ஓடியது. எட்டாவதில் எடுத்தாள். குரல் கரகரத்தது.

"நெல்டா! ஒண்ணும் ஆகலியே? அவன் வந்தானா?"

"யாரு? வென்டெலா?" ஒரு நீளக் கொட்டாவி. "மணி என்ன?"

"பத்து."

"பத்தா! ஏன்யா, மனுஷி ஏப்ரலுக்கப்புறம் இப்பத்தான் தூங்குறேன், அது உங்களுக்குப் பொறுக்கலியா?" என்று வைத்துவிட்டாள்.