கப்பல் நேரம்

பெட்டி கட்டும் அமளிக்கு நடுவில், சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு எழுந்தது. எழுப்பியவள் இளைய மருமகள், சின்னவள். மாடியிலிருந்து ஈரத்தலையோடு இறங்கி வந்தவள், இடது கையை எல்லாருக்கும் நடுவில் நீட்டி, "கப்பலுக்கு இந்த வாட்சைக் கட்டிட்டு வரவா, கழட்டி வச்சுட்டு வரவா?" என்று கேட்டாள்.

அந்த மணிக்கட்டைப் பார்த்தாலே பெரியவளுக்கு வயிறு பற்றி எரியும். ஒரு வருஷமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

வாட்ச் மாமியாருடையது. மாமியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய நாடியை அந்த வாட்சை வைத்து எண்ணியிருக்கிறார். வெள்ளை முகம், மெல்லிய சிவப்பு நொடிமுள், தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். அதை அவர் ஒரு விசேஷத்திலும் கொடுக்கவில்லை, யாரையும் கூட்டி வைத்தும் கொடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாடிப்படி ஏறப்போன சின்ன மருமகளை நிறுத்தி, தன் கையிலிருந்து கழற்றி அவள் கையில் கட்டிவிட்டார். அவ்வளவுதான். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவள் அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெங்காயம் ஒரு சாக்காக இருந்தது.

இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் அவள். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது குளிப்பாட்டி, கட்டுப் பிரித்து, மாத்திரை கொடுத்தவள் அவள். வேலையும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். மாமியாரும் அவளும் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக் கதைதான். சின்னவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாடிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவள் கைக்குப் போய்விட்டதே என்று நினைக்கும்போதெல்லாம் பெரியவளுக்குத் தன் வெறும் மணிக்கட்டு கூசும். பரிசோதனை நிலையத்தில் கையுறை போட வேண்டியிருப்பதால் அவள் வாட்ச் கட்டியே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அது வேறு விஷயம்.

"லீவுல போறோம். மணி பாக்கவா போறோம்?" என்றான் பெரியவளின் கணவன்.

"ஃபோன்ல பாத்துக்கலாம், விடு," என்றான் கொழுந்தன்.

மாமியார் தன் காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க இஷ்டம்," என்றார்.

எல்லாரும் பெரியவளைப் பார்த்தார்கள். வீட்டில் எந்தப் பேச்சும் அவள் வாயில் வந்து முடிந்தால்தான் முடிந்தது.

"கொண்டு வராதே. கடல் காத்துல உப்பு இருக்கும், உள்ள போச்சுன்னா மிஷின் கெட்டுப்போயிடும்," என்றாள். "அங்க நீச்சல் குளம் வேற இருக்கு. நீ எங்கயாவது கழட்டி வச்சுட்டு மறந்துடுவே."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மனசில் இருந்தது உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு வாரம் முழுக்க ஒரே மேசையில், முகத்துக்கு நேரே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது. அதுதான்.

சின்னவள் உடனே வாட்சைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டாள். "அப்ப நீங்களே உங்க பீரோல வச்சுப் பூட்டிடுங்கக்கா. என் அலமாரிக்குப் பூட்டே கிடையாது."

இப்படி நம்பிக்கொடுத்தது பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் பீரோவைப் பூட்டப் போனவள், வாட்சை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். நின்றுபோயிருந்தது. பாவம், சும்மா கிடக்கிறதே என்று சாவி கொடுத்தாள். ஓட ஆரம்பித்தது. ஓடுகிற வாட்சைப் பீரோவில் வைத்துப் பூட்ட அவளுக்குக் கை வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பத்திரமாகத்தானே வைத்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கப்பல் என்றால் அவள் கற்பனை செய்ததெல்லாம் சின்னதாகிப்போனது. லிஃப்ட், கடைகள், தியேட்டர் என்று ஒரு தெருவையே அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. கணவன் மேல்தளத்துக்குப் போனதும் பெரியவள் அறையைத் தாழிட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாள். தலையை ஒதுக்குவது போல ஒதுக்குவாள். சும்மா மணி பார்ப்பாள். நடை சத்தம் கேட்டால் கழற்றிவிடுவாள்.

வெளியே வந்தால் பழையபடி வயிற்றெரிச்சல். சின்னவள் கப்பலில் ஏறின மறுநாளே பாதிப் பேருக்குத் தெரிந்தவளாகிவிட்டாள். பரிமாறுகிறவர்கள் அவளைக் கண்டால் சிரித்தார்கள். நடன வகுப்பில் அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மாமியார்கூட, முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். தனக்காக மாமியார் அப்படி வாய்விட்டுச் சிரித்த ஒரு நாளையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தாள் பெரியவள். 'நல்லா இருக்கும்மா' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சிரித்ததாக ஞாபகம் இல்லை.

நடன வகுப்பு நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கப்பலில் இருப்பவர்கள் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நாளை இறங்கப்போகிற ஊரில் பழைய நேரம்தான் ஓடும், ஆனால் கப்பல் தன் நேரப்படிதான் புறப்படும். பாட்டுச் சத்தத்தில் சின்னவள் காதில் அது விழவில்லை. பெரியவள் அறைக்குப் போய், சாவியை இழுத்து, முள்ளைத் திருப்பி வைத்தாள். மறுநாள் இறங்கும்போது கப்பல் வாசலில் இருந்த பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டாள்.

துறைமுக ஊரில் பெண்கள் இரண்டு பேரும் மட்டும் இறங்கினார்கள். மாமியாருக்கு முட்டி வலி. அண்ணனும் தம்பியும் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தது.

கடைத்தெரு துறைமுகத்திலிருந்து தள்ளி இருந்தது. தொப்பி, மணிமாலை, தோல் பை என்று நுழைந்து கடைசியில் சின்னவள் ஒரு செருப்புக்கடையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெரியவள் கைக்குட்டை எடுப்பது போலப் பைக்குள் பார்த்தாள். மணி நாலைத் தாண்டிவிட்டிருந்தது.

"போதும், வா. நேரமாச்சு."

"எங்கக்கா ஆச்சு? இப்பதான் மூணு." சின்னவள் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள்.

"அது இந்த ஊர் நேரம்டீ. கப்பல்ல ஒரு மணி நேரம் கூட. நேத்து மைக்ல சொன்னாங்க."

"ஃபோனெல்லாம் தானா மாத்திக்கும்கா. அதுக்குத் தெரியாததா? நீங்க சும்மா பதறாதீங்க." அடுத்த ஜோடியைக் காட்டச் சொன்னாள்.

பைக்குள் கையை விட்டு வாட்சை எடுத்துக் காட்டினால் முடிந்தது. பெரியவளின் விரல் அதன் வாரின் மேல்தான் இருந்தது. ஆனால் எடுத்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு நிற்பது?

"எனக்குத் தலைவலிக்குது. நான் முன்னாடி போறேன்," என்றாள்.

"சரிக்கா, டாக்ஸி பிடிச்சுப் போங்க. நான் இதை முடிச்சுட்டு வந்துடறேன்."

பெரியவள் நடந்தாள். மனசுக்குள் ஒரு குரல் கணக்காகப் பேசியது. நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது? யார் என்னைக் குற்றம் சொல்ல முடியும்? தெருமுனையில் ஒரு டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

அப்போது அவளுக்குக் கப்பலின் மேல்தளம் மனக்கண்ணில் தெரிந்தது. மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "சின்னவ எங்க? சின்னவ எங்க?" என்று கேட்கிறார். பரிமாறுகிறவர்கள், நடன வாத்தியார், ஊரே திரண்டு நின்று கேட்கிறது. தான் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறாள், தன்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அந்தக் கற்பனையிலும் எல்லார் வாயிலும் அவள் பேர்தான்! கப்பலைத் தவறவிட்டாலும் அவள்தான் ராணி.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு காலையும் உள்ளே வைத்துவிட்டால் நான் என்னவாகிவிடுவேன் என்று ஒரு பயம். டிரைவரிடம் நிற்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, வந்த வழியே ஓடினாள்.

சின்னவள் ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் பழைய செருப்புமாக நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் வாட்சை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுதான் கப்பல் நேரம். நானே திருப்பி வச்சேன். கிளம்பு."

சின்னவள் வாட்சைப் பார்த்தாள். ஓடுகிற சிவப்பு முள்ளைப் பார்த்தாள். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். "வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரர் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். புதுச் செருப்பு இன்னும் அவள் காலில் இருந்தது! அதைக் கழற்றி வீசிவிட்டு, தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினாள்.

டிரைவர் நிதானமான மனுஷன். சின்னவள் பின்சீட்டிலிருந்து எம்பி, பாஷை தெரியாவிட்டால் என்ன, கையாலேயே பாடம் நடத்தினாள். "கியரை மாத்துங்க சார்! லாரியை ஒட்டியே போனா எப்படி? இடது பக்கம், இடது பக்கம்!" அந்த ஆள் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பயந்தே வேகமாக ஓட்டினார்.

கப்பல் வாசலில் படியைத் தூக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். இரண்டு பேரும் மூச்சிரைக்க உள்ளே நுழைந்ததும் பின்னால் படி ஏறிவிட்டது.

லிஃப்ட்டில் பெரியவள் வாட்சை நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொள்ளவில்லை. மேல்தளத்தில் குடும்பமே கம்பி ஓரம் நின்றிருந்தது. கொழுந்தன் முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னதான் பண்ணீங்க ரெண்டு பேரும்?"

"ஃபோன் ஏமாத்திடுச்சு," என்றாள் சின்னவள். "நல்லவேளை, அக்காகிட்ட வாட்ச் இருந்துச்சு. நான்தான் கடைசி நேரத்துல எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தேன்."

பெரியவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. காட்டிக்கொடுத்திருந்தால் தாங்கியிருப்பாள். தப்பு செய்தது நான், பெருந்தன்மை அவளுக்கா? அதையும் அவளே எடுத்துக்கொண்டாளா? வாட்ச் போனபோது எரிந்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மேசையில் உட்கார்ந்ததும், சூப் வருவதற்கு முன்பே பெரியவள் வாட்சை எடுத்து மாமியார் முன்னால் வைத்தாள்.

"அவ சொன்னது பொய் அத்தை. அவ எடுத்துட்டு வரச் சொல்லல. பீரோல வைக்கக் குடுத்ததை நானா எடுத்துட்டு வந்தேன். ரூம்ல கட்டிப் பாத்துட்டிருந்தேன்."

கணவன் தண்ணீர் டம்ளரை வைத்தான். "எதுக்கு இப்ப அதெல்லாம்..." என்று இழுத்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

மாமியார் வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கேட்டிருந்தா உனக்கே குடுத்திருப்பேனே."

"அவளுக்குக் கேக்காமலே குடுத்தீங்களே அத்தை."

இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று பெரியவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாமியார் வாட்சை மேசைமேல் வைத்தார். "இவ எங்க போனாலும் லேட்டு. அன்னிக்கு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரி மூடற நேரத்துக்கு வந்து நின்னா. அந்தக் கோவத்துல கழட்டிக் கட்டிவிட்டேன். இனிமேலாவது மணி பாருன்னு. உனக்கு எதுக்குமா வாட்ச்? உன்னைப் பாத்துதான் நாங்க மணி தெரிஞ்சுக்கறோம்."

கொழுந்தன் சிரித்தான். கணவனும் சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை. தன்மேல் மாமியார் ஒரு நாளும் அப்படிக் கோபப்பட்டதில்லை. கழற்றிக் கட்டிவிடுகிற அளவுக்கு உரிமையுள்ள அந்தக் கோபத்தின் மேலும் அவளுக்கு இப்போது பொறாமை வந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"அத்தை குடுக்கறேன்னு சொன்னாலும் நான் குடுக்க மாட்டேன்கா. திட்டோ எதுவோ, அது எனக்குக் குடுத்தது. எனக்கு அது பிடிக்கும். நீங்க எடுத்துட்டு வந்தது எனக்குக் கோவம்தான். கடைல பாத்ததுலேருந்து கோவம்தான்." அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா என்னை விட்டுட்டுப் போகாம திரும்பி வந்தீங்களே, அதனால எப்படிக் கோவிச்சுக்கறதுன்னும் தெரியல."

டாக்ஸியில் ஒரு காலை வைத்ததைச் சொல்லிவிடலாமா என்று பெரியவள் நினைத்தாள். சொல்லவில்லை. ஆனால் சின்னவளின் கோபத்தைக் கேட்டதும் நெஞ்சில் ஏதோ இறங்கினாற்போல இருந்தது. தெய்வம் மாதிரி மன்னித்துக்கொண்டிருக்கிறவளோடு ஒரு வீட்டில் இருப்பது கஷ்டம். வாட்சை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மூக்கை உறிஞ்சுகிறவளோடு இருக்கலாம்.

வாட்சைச் சின்னவள் பக்கம் தள்ளிவிட்டு, "சூப் ஆறுது," என்றார் மாமியார்.

மறுநாள் முழுக்க இரண்டு பேரும் அளவாகப் பேசிக்கொண்டார்கள். உப்பு கொடு, துண்டு எங்கே, அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீச்சல் குளத்திலிருந்து வந்திருந்தாள். கையில் ஈரம், விரலில் தொங்கிய வாட்ச்.

"ஒரு கையால போட முடியலக்கா. கட்டி விடுங்க."

பெரியவள் தன் முந்தானையால் அந்த மணிக்கட்டை ஒற்றி எடுத்தாள். வாரைச் சுற்றி, துளையில் கொக்கியை மாட்டினாள். வயிறு எரியத்தான் செய்தது. மாட்டியது சரியாக இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தளர்வாக இருந்தது. கழற்றி, இன்னும் ஒரு துளை தள்ளி இறுக்கமாக மாட்டினாள்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்," என்றாள் பெரியவள்.