தொங்கலை வெட்டிய நாள்

மணித்தொங்கலின் முதல் சரத்தில் சக்கரம் கத்தரிக்கோலை வைத்து அழுத்தப் போனாள். தூங்குகிறாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த அண்ணி கட்டிலில் இருந்து வாயைத் திறந்தாள்.

"கத்தரிக்கோலைக் கீழ வைடி. நான் இன்னும் சாகல."

சக்கரம் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே அண்ணி வைத்த பட்டம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சொல்லிச் சொல்லி, மற்றதெல்லாம் தேய்ந்து சக்கரம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது கடைத்தெருவிலும் அதுதான் பெயர்.

"தூங்கலையா அண்ணி?"

"நீ இருக்கற வீட்ல எவ தூங்குவா? ஜன்னலத் தொறக்கற, மூடற, மறுபடி தொறக்கற. அதுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்."

உண்மைதான். இனி மருந்து மாற்றிப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சக்கரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் எழச் சொன்னது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் போட்டதும் அவள்தான். அது தெருவைப் பார்க்க வசதி என்று அண்ணனிடம் சொன்னாள். பின்னறையில் அண்ணியின் வேலை மேசையைப் பார்த்துக்கொண்டு அவள் படுத்திருப்பதைச் சக்கரத்தால் பார்க்க முடியவில்லை என்பதே நிஜம்.

அந்த மேசையில் இருந்துதான் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டை. வெள்ளைச் சாட்டின் துணி சுற்றிய உருண்டையின் மேல் சிவப்பும் பச்சையும் தங்கமுமாக மணிச்சரங்கள் உச்சியில் இருந்து இறங்கும். சரங்களுக்கு நடுவே முத்துப் பூ, பூவுக்கு நடுவே கண்ணாடிக்கல். அதோடு விட்டால் பரவாயில்லையே! அடியில் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கல் வேறு, ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்த்துளி போல ஒரு கண்ணாடி மணி. ஒன்றை மரத்தில் மாட்டினால் கிளை குனிந்து வணக்கம் சொல்லும்.

அண்ணி கோப்பாள், சக்கரம் தன் பரிசுப்பொருள் கடையில் விற்பாள். ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து, "அப்பா, என்னா வேலைப்பாடு!" என்று வாயைப் பிளந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மொழுக்கட்டை மர நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சக்கரத்துக்கும் அந்த மர நட்சத்திரம்தான் பிடிக்கும். அதை அண்ணியிடம் மறைத்ததும் இல்லை. இருபது வருஷமாக இருவருக்கும் நடந்த சண்டையே இது ஒன்றுதான்.

"அந்த ஹோட்டல்காரிக்காகத்தானே வெட்டப் பாத்த?" என்றாள் அண்ணி.

"ஹோட்டல்காரி இல்ல அண்ணி, ஹோட்டலுக்கு அலங்காரம் பண்றவ. வாசல் கூடத்துல பெரிய மரம் வெக்கறாங்க. ஒரு பெட்டி முழுக்க எடுத்துக்கறேங்கறா. கீழ எதுவும் தொங்கக் கூடாதாம். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? தலையக் குடு, உடம்ப நீயே வெச்சுக்கோங்கற மாதிரி இருக்கு."

"இப்ப யாருக்கும் இவ்ளோ பகட்டு பிடிக்கல அண்ணி. எல்லாம் சிம்பிளா கேக்கறாங்க."

"சிம்பிளா! வீட்டையே ஆஸ்பத்திரி மாதிரி வெச்சுக்கறாளுங்க, வெள்ளச் சுவரு, வெள்ளச் சோபா. கிறிஸ்துமஸ்னா கொஞ்சம் கண்ணு கூசணும்டி. வருஷத்துக்கு ஒரு தரம் கூசினா கண்ணு கெட்டா போயிடும்?"

"கூசினாப் பரவால்ல. உங்க உருண்ட கண்ணையே நோண்டி எடுக்குதே."

அண்ணி சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்க நேரம் பிடித்தது. சக்கரம் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். கழுத்து எலும்பு கையில் குத்தியது. ஆண்டவரே, எப்படி இருந்த உடம்பு என்று நினைத்தாள்.

அவளுடைய அவசரம் அண்ணிக்குத் தெரியாது. கடையின் மூலையில் தூசி படிந்து தொங்குகிற உருண்டைகள், அண்ணி கண்ணை மூடுவதற்குள் ஒரு நல்ல இடத்தில், நாலு பேர் நின்று பார்க்கிற இடத்தில் தொங்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்து வந்து, பாருங்க அண்ணி, யாருக்கும் பிடிக்காதுன்னு சொன்னேனே, நான்தான் முட்டாள் என்று காட்ட வேண்டும். அதற்காகத் தொங்கல் போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"அண்ணி, சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அண்ணி உருண்டையை வாங்கி மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். விரல்கள் தாமாகவே சரங்களைத் தடவின.

"நான் போனதுக்கப்புறம் தாராளமா வெட்டிக்கோ."

"ஏன் இப்படிப் பேசறீங்க?"

"நெஜமாத்தான் சொல்றேன். கீழ தொங்கறத மட்டும் வெட்டிப் பாரு. என்ன மாதிரி அண்ணி உண்டான்னு நீயே சொல்லுவ."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். சக்கரத்துக்கு அந்தப் பார்வை பிடிபடவில்லை. மறுபடி எதையாவது பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்து, பால் தீர்ந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பால் தீரவில்லை. வாசலில் அண்ணன் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், பேச்சு குறைவு. அண்ணிக்குக் கண் மங்கியதில் இருந்து தினமும் ஊசிகளில் நூல் கோத்து, ஒரு குட்டித் தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பான். அவள் படுத்த பிறகும் அதை நிறுத்தவில்லை. முந்தின நாளின் நூலை உருவிப் போட்டுவிட்டுப் புது நூல் கோப்பான்.

"எங்க போற?" என்றான்.

"பால் வாங்க."

"காலைல வாங்கினியே."

அவள் காதில் விழாதது போல நடந்தாள். தெருமுனைவரை போனாள், அதற்கு அடுத்த தெருவுக்கும் போனாள். எப்படியும் அண்ணியைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று அலங்காரக்காரிக்குப் போன் செய்து, நாளை மதியம் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் தயாராக இருக்கும் என்றாள். பாலும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான், கையில் ஊசி இல்லை.

"உன்னைக் கேட்டா," என்றான். "சக்கரம் எங்க போச்சுன்னு கேட்டா. பால் வாங்கன்னு சொன்னேன். சிரிச்சா. அவ்ளோதான்."

சக்கரம் பால் பையைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு அரை மணி நேரம். வாழ்நாளெல்லாம் ஓடியவள், ஒரே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா? தன் காலை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் அண்ணியின் சவப்பெட்டி இருந்தது. சக்கரம் அதன் பக்கத்தில் உட்காரவே இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டாள், டீ கொடுத்தாள், குடித்த டம்ளரைப் பிடுங்கிக் கழுவினாள், கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள்.

"உக்காந்து அழுடி," என்றாள் சித்தி. அம்மாவின் தங்கை, எந்த வீட்டுத் துக்கத்துக்கும் முதலில் வந்து கடைசியில் போகிறவள். "இப்படி ஓடிட்டே இருந்தா ஊரு என்ன சொல்லும்? அண்ணி போனது இவளுக்கு ஆதாயம்னு சொல்லும்."

"ஊருக்கு வேற வேல இல்ல," என்று சொல்லிவிட்டுச் சக்கரம் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேசை அப்படியே இருந்தது. கிண்ணங்களில் நிறம் நிறமாக மணிகள், ஊசித் தலையணை, பெட்டி நிறைய உருண்டைகள். அலங்காரக்காரி மதியம் வந்துவிடுவாள். வராதே என்று சொல்ல மறந்திருந்தாள். இப்போது நினைவு வந்தும் சொல்லத் தோன்றவில்லை. அண்ணி பார்க்கப் போவதில்லை, சரி. ஆனால் உருண்டைகளாவது அந்த வெளிச்சத்தில் தொங்கட்டுமே. அவளே வெட்டிக்கோ என்றுதானே சொன்னாள்? வாய் நிறையச் சொன்னாளே.

நேற்று அண்ணி மார்பில் வைத்திருந்த உருண்டையை எடுத்தாள். கத்தரிக்கோலால் தொங்கலை ஒவ்வொரு சரமாக, சுற்றி வர, அடியோடு நறுக்கினாள். கண்ணாடித் துளிகள் மேசையில் விழுந்தன. நல்லவேளை, உருண்டை உருண்டையாகத்தான் இருந்தது. சரங்கள் துணியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பாருங்க அண்ணி, எவ்ளோ பாந்தமா இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சரிபார்க்கலாம் என்று கொக்கியைப் பிடித்துத் தூக்கினாள்.

தூக்கியதும் எல்லாம் போயிற்று. சிவப்பு, பச்சை, தங்கம், முத்து, கல், அத்தனையும் சரசரவென்று வழுக்கிக் கீழே கொட்டின. மேசையில் விழுந்து துள்ளி, தரையில் விழுந்து ஓடி, கதவடி இடுக்கு வழியாக முன்னறைக்குள் புகுந்தன. சக்கரத்தின் கையில் மொட்டையாக ஒரு வெள்ளை உருண்டையும், உச்சி வளையத்தில் நாலைந்து நூல் பிசிறும் மிஞ்சின.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உச்சி வளையத்தில் புறப்படுகிற நூல் உருண்டையின் மேல் மணிச்சரமாக இறங்கி, அடியில் தொங்கலாகி, துளி மணியைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் மேலே ஏறுகிறது. தொங்கல் தனியாகத் தைத்தது இல்லை. தொங்கலை வெட்டினால் சரத்தையே வெட்டிய மாதிரி. இருபது வருஷம் விற்றவளுக்கு இது தெரியவில்லை. ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கோப்பதைப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்?

கீழ தொங்கறத மட்டும் வெட்டிப் பாரு. என்ன மாதிரி அண்ணி உண்டான்னு நீயே சொல்லுவ.

"அடிப்பாவி!" என்றாள் சக்கரம் வாய்விட்டு. பிறகு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். முன்னறையில் பேச்சு நின்றது. கதவைத் திறந்துகொண்டு சித்தி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, துக்க வீட்ல சிரிக்கறா பாருங்க! இவளுக்கு என்னவோ ஆயிடுச்சு!"

சித்திக்குப் பின்னால் அண்ணன் வந்தான். தரையைப் பார்த்தான். அவள் கையில் இருந்த மொட்டை உருண்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"வெட்டச் சொன்னாளா?"

"ம்."

"நேத்து எங்கிட்ட சொன்னா," என்றான் அண்ணன். "சக்கரம் வெட்டும்போது நான் பாக்க முடியாம போயிடுமேன்னு."

அதைக் கேட்டதும் சக்கரத்தின் சிரிப்பு எங்கோ ஒரு இடத்தில் உடைந்து அழுகையாக மாறியது. தரையில் உட்கார்ந்து ஊளையிட்டு அழுதாள். சித்தி திருப்தியாகப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அழுது முடித்து, முன்னறைக்குப் போய், பெட்டிக்குக் கீழே ஓடிப்போன மணிகளைத் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் அலங்காரக்காரி வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ, எனக்குத் தெரியாதே. நான் இன்னொரு நாள் வரேன்."

"இல்ல, வாங்க. அவங்க கோத்ததுதான்." சக்கரம் எழுந்து அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

அலங்காரக்காரி உருண்டைகளைக் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பார்த்தாள். பிறகு மேசை ஓரத்தில் கிடந்த மொட்டை உருண்டை கண்ணில் பட்டது. கையில் எடுத்தாள், வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது! நான் கேட்டது இதுதான். இவ்ளோ சுத்தமா, அமைதியா... எல்லாத்தையும் இப்படியே குடுக்க முடியுமா?"

சக்கரத்துக்கு மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"அது எங்க அண்ணி செஞ்சது இல்லீங்க. அது நான் செஞ்சது."

"ரொம்ப அழகா இருக்கே."

"அது வெறும் துணி சுத்தின உருண்ட. எங்க வேணா கெடைக்கும். மத்ததுல தொங்கல வெட்ட முடியாது. அப்படியே வேணும்னா எடுத்துக்குங்க."

அலங்காரக்காரி உருண்டைப் பெட்டியை இன்னொரு தரம் பார்த்தாள். தங்க மணிகள் அவள் முகத்தில் மினுமினுத்தன. "எங்க இடத்துக்கு இது ஒத்து வராதுங்க," என்றாள் தாழ்ந்த குரலில். சக்கரம் தலையாட்டினாள். அதில் தப்பொன்றும் சொல்ல முடியாது. நேற்றுவரை அவளே சொன்னதுதான். அந்தப் பெண் முன்னறையில் சவப்பெட்டி அருகே கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றுவிட்டுப் போனாள்.

சவப்பெட்டியைத் தூக்கும்போது தூக்கியவர் ஒருவரின் செருப்படியில் ஏதோ நறுக்கென்று நொறுங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

கல்லறையில் இருந்து திரும்பி வந்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. சித்திகூடக் கிளம்பிவிட்டாள். சக்கரம் முன்னறையைப் பெருக்கினாள், நாற்காலிகளை அடுக்கினாள், ஜன்னலைத் திறந்தாள். திறந்த கை மூடப் போனது. விட்டுவிட்டாள். செய்வதற்கு வேறு வேலை இல்லை.

பின்னறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். அண்ணன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய நூல்களை உருவிப் போட்டுவிட்டு, புது நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஊசியில் நுழைத்துக்கொண்டிருந்தான். ஒரு ஊசி, தலையணையில் குத்தினான். இன்னொரு ஊசி.

பொறுக்கிய மணிகள் எல்லாம் ஒரே கிண்ணத்தில், நிறம் பிரிக்காமல் கலந்து கிடந்தன. சக்கரம் அதைப் பார்த்தாள். இப்போதும் அவள் கண்ணுக்கு அது அதிகம்தான், தங்கம் ரொம்பவே அதிகம். அண்ணியின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மொட்டை உருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒரு ஊசியை உருவி அவளிடம் நீட்டினான். நூல் அவன் கையில் இருந்து தரைவரை தொங்கியது.

"நீளம் போதுமா?" என்றான், தினமும் கேட்கிற அதே குரலில்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள் சக்கரம். வாங்கிக்கொண்டு, கிண்ணத்தில் சிவப்பு மணி ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.