சந்தனம் பூசிய கரண்டு வாள்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் சிவசாமி பலகை அறுக்கும் கரண்டு வாளைக் கையில் எடுத்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நெற்றி நிறையப் பட்டை. வாளுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைக்க வேறு இடமா இல்லை? பலகைமேல் படிந்து ஓடவேண்டிய அடித்தகட்டில், ஒரு ஓரமாகப் பார்த்து அப்பியிருந்தார். அது காய்ந்து கட்டியாகியிருந்தது.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பட்டறைக்கு நாங்கள் இரண்டே தச்சர்கள். இனி ஒருவர் போதும் என்று துரை சொல்லிவிட்டார். பங்களா மேசைக்கு வந்த ஃபார்மைக்கா ஷீட்டைச் சிவசாமி சுத்தமாக வெட்டினால் பட்டறை அவருக்கு, பிசகினால் எனக்கு. மற்றவன் மலைக்குப் புல்வெட்டப் போகவேண்டும். மூத்தவர் என்று அவருக்கு முதல் சலுகை. வயதைத் தவிர அந்த மனிதரிடம் வேறு என்ன இருந்தது?

கொழும்பிலிருந்து அந்த வாள் வந்த நாள் முதல் அதை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பலகைக்குப் பெரிய பல், தகரத்துக்குப் பொடிப்பல் என்று பிளேடை மாற்றவேண்டும். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பிளேடு. தகரத்தைக் கடித்துக் குதறிவிட்டு, தகரம் மட்டம் என்பார். கைவாளைப் போல் இது கீழே தள்ளி அறுப்பதில்லை, மேலே இழுத்து அறுக்கிறது, நல்ல முகத்தைக் கவிழ்த்துப் போடுங்கள் என்றால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிக்கொள்வார்.

அன்றைக்கும் சொன்னேன்.

"அண்ணே, அந்தச் சந்தனத்த சொரண்டிட்டு வெட்டுங்க. வாளு ஒரு பக்கமா தூக்கிட்டு நிக்குது. பொட்டு வைக்கவும் ஒரு அறிவு வேணும்ல."

கடைசி வார்த்தை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் உண்மை.

"ஏன்டா கஸ்பர், வேதக்காரப் பய நீ, எங்க சாமி பொட்ட அழிக்கச் சொல்றியா?"

இந்த மண்டையோடு என்ன பேசுவது? நாசமாகப் போகட்டும், பட்டறை எனக்கு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஷீட்டைப் பட்டறை மேசையோடு இறுக்கக் கிளாம்பு பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொடாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு வாளை ஓட்டினார். வாள் சாய்ந்திருந்ததால் வெட்டும் சாய்ந்தே போயிற்று. பாதி தாண்டியதும் அவருக்கே சந்தேகம் தட்டியது. வாளை நிறுத்திவிட்டுப் பார்த்தாரா என்றால் இல்லை. அது ஓட ஓட, அடி விளிம்பைத் தடவிப் பார்க்க இடது கையை ஷீட்டுக்குக் கீழே விட்டார். பிளேடு மேலும் கீழும் குத்திக்கொண்டு அந்த விரல்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கத்தினேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. பாய்ந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். வாள் ஒரு உதறு உதறி நின்றது. ஷீட் படாரென்று குறுக்கே பிளந்தது.

சத்தம் கேட்டுத் துரை வாசலுக்கு வந்துவிட்டார். உடைந்த ஷீட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த வயரைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

நான் சிவசாமியைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் ஷீட்டுக்குக் கீழேயிருந்து இடது கையை மெதுவாக வெளியே எடுத்தார். வெள்ளைத் தூள் படிந்து ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அதில் ஒன்று என் பக்கம் நீண்டது.