கதவை உடைத்தது யார்

காலை பத்து மணிக்கு நர்ஸம்மாவின் தம்பி சம்மட்டியால் அவளுடைய கீழ்வீட்டுக் கதவை உடைத்தான். அங்கே வாடகைக்கு இருந்த தையல்காரி காலி செய்ய ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்தாள்; அவனுக்கோ அன்றைக்கே வீடு வேண்டும். இரண்டாவது அடியில் கதவு பிளந்தது. அடுத்த அடி தையல் மெஷினின் தலையைப் பெயர்த்தது. தடுக்கப் போனவளின் மணிக்கட்டு நொறுங்கியது. அவள் கையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். குளியலறைக் குழாயையும் அவன் தகர்த்த பிறகுதான் மாடியிலிருந்து நர்ஸம்மா இறங்கி ஓடிவந்தாள். தண்ணீர் ரத்தத்தோடு கலந்து, வெட்டிவைத்த துணிகளை நனைத்துக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் அவள். முறிந்த கைக்குத் தானே கட்டுப்போட்டு, தையல்காரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மறுநாள் தம்பி வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி எடுத்தான். திருடன் புகுந்தான் என்று சொன்னால் கம்பெனி எல்லாவற்றையும் சரிசெய்து தரும் என்றான். வாயைத் திறந்தால் இன்னொரு கையும் போய்விடும் என்று தையல்காரியை ஆஸ்பத்திரியிலேயே மிரட்டிவிட்டு வந்திருந்தான். அவன் கம்பெனிக்குப் போன் போட்டபோது நர்ஸம்மா தடுக்கவில்லை. தாயில்லாமல் அவள் இடுப்பில் வளர்ந்த தம்பி.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒரு பெண். நர்ஸம்மா எடுத்திருந்தது நடுத்தரப் பாலிசி என்று விளக்கினாள். தீ, புயல், தானாக வெடித்த குழாய், வெளியாள் புகுந்து செய்த நாசம் என்று பட்டியலில் எழுதியதற்கு மட்டும்தான் அது பொறுப்பு. வீட்டு ஆட்களே வேண்டுமென்று உடைத்தால் ஒன்றும் கிடையாது. குடியிருப்பவரின் சாமான்களும் இதில் சேராது. அதற்கு அவர்தான் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

"அப்ப அந்தத் தையல் மெஷினுக்கு?" என்றாள் நர்ஸம்மா.

"வராதும்மா. கதவை உடைச்சது யாருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தம்பி அக்காவின் தோளைப் பிடித்தான். அந்தப் பிடி எலும்புவரை இறங்கியது.

"இவன்தான். என் கூடப்பிறந்தவன். மாடியில என்கூடத்தான் இருக்கான்."

முதல் குத்தில் அவள் உதடு கிழிந்தது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். சர்வேயர் தெருவுக்கு ஓடிக் கூப்பாடு போட்டாள். பக்கத்துப் பட்டறை வெல்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்து அவனைக் குப்புறத் தள்ளி, போலீஸ் வரும்வரை முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்தி வைத்திருந்தார்கள். அக்காவைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று தரையோடு தரையாகக் கத்திக்கொண்டே கிடந்தான்.

கம்பெனி கையை விரித்தது. கோர்ட்டில் நர்ஸம்மா நடந்ததை நடந்தபடி சொன்னாள். தம்பி ஜெயிலுக்குப் போனான்.

இதற்கெல்லாம் முன்பு, விலாக் கட்டு அவிழாதபோதே நர்ஸம்மா புது மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தையல்காரி தங்கியிருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். தையல்காரி வாசலை மறித்து நின்றாள். மாவுக்கட்டுக்குள் விரல்கள் வீங்கியிருந்தன.

"மெஷினை வச்சுட்டுப் போங்க. உள்ள வர வேண்டாம்."

நர்ஸம்மா சரி என்று தலையாட்டினாள். ஆட்டோக்காரர் மெஷினை இறக்கி வைத்ததும், சுவரைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கினாள்.