பைப்பக்காவின் மூக்கு

பைப்பக்கா வந்து நின்றால் தண்ணீரே பயந்துகொண்டு ஒழுங்காக ஓடும் என்று அந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது அவள் புருஷன்தான், அது வேறு விஷயம். ஆனால் பேச்சு ஒன்றும் பொய்யில்லை. பதினெட்டு வருஷமாக வீட்டுப் புல்தரைகளுக்குத் தெளிப்பான் பொருத்துகிறாள். வால்வு திருகும் சத்தத்தை வைத்தே உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவாள்.

ஒன்றே ஒன்றுதான் யாருக்கும் தெரியாது. போன வருஷம் வந்த பாழாய்ப்போன காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் ஓடுவாள்.

தண்ணீர் வேலைக்காரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் மண்வெட்டியோடு பக்கத்தில் நிற்பார். அழுகிய முட்டை வாடை என்றால் இடுப்பில் கை வைப்பார். தண்ணீர் எங்கோ தேங்கிக் கெடுகிறது என்று அர்த்தம். சாக்கடை வாடை என்றால் தலையைச் சொறிவார். கழிவுக் குழாய் கசிந்து கலக்கிறது. ஒரு வருஷமாக ஓரிடத்திலும் சறுக்கவில்லை.

அன்றைக்குக் கூப்பிட்டது குடியிருப்புச் சங்கத் தலைவி. ஓய்வுபெற்ற நர்ஸ், குரலிலேயே ஊசி போடுகிறவர். நாற்பது வீட்டுப் புல்தரைகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கப் போகிறார்கள், சாயங்காலம் கூட்டம். போட்டியில் இருந்தது ஒரு பெரிய கம்பெனியும் பைப்பக்காவும். தெருத்தெருவாக அலைந்தவளுக்கு, இது என் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த வேலைக்கு அவள் அப்படி ஆசைப்பட்டாள்.

"காலையில தண்ணி திறந்தா எங்க வீட்டு வாசல்ல நிக்க முடியல பைப்பக்கா. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலையே சாத்திக்கிறார்," என்றார் தலைவி. "கம்பெனி ஆள் வந்தான். மோந்து பார்த்துட்டு, போர்த் தண்ணியே கெட்டுப்போச்சு, புது போர் போடுங்கன்னுட்டான். நீங்க என்ன சொல்றீங்க?"

தெளிப்பான்கள் சீறின. பைப்பக்கா பெரிய நிபுணி மாதிரி கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷன் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"சாக்கடை கலந்திருக்கு மேடம்," என்றாள் பைப்பக்கா. "இன்னைக்கே தோண்டிடலாம்."

நல்ல செழித்த புல்லாகப் பார்த்து மூன்றடிக்குத் தோண்டினார்கள். கழிவுக் குழாய் கண்ணில் பட்டது. சுற்றி இருந்த மண் காய்ந்து உதிர்ந்தது. குழாயில் ஒரு கீறல் இல்லை.

"எங்கேம்மா சாக்கடை?" என்றார் தலைவி, கையைக் கட்டிக்கொண்டு.

பைப்பக்கா புருஷனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். "ஏங்க, என்ன வாடைங்க அடிச்சுது?"

"ஒண்ணும் அடிக்கல."

"ஒண்ணுமே இல்லையா?"

"நேத்துலேருந்து சளி. மூக்கு ரெண்டும் அடைச்சுக் கிடக்கு."

"அட கடவுளே! அப்புறம் ஏன் தலையச் சொறிஞ்சீங்க?"

"நீ ஆசையா பார்த்தே. ஏதாவது சொல்லணுமேன்னு..."

தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆத்திரம் அவர்மேல்கூட இல்லை, தன்மேல்தான். ஒரு தெளிப்பானைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு தோட்டத்தையே வெட்டிப் போட்டிருக்கிறாள்! இன்னொருத்தர் மூக்கை நம்பி நம்பி, தன் கண்ணையும் கையையும் மறந்தே போயிருந்தாள்.

"எம்மேல பழியப் போட்டுடு," என்றார் அவர். "நான்தான் தப்பான இடத்துல வெட்டினேன்னு சொல்லு."

"பதினெட்டு வருஷத்துல ஒருத்தர்மேல பழி போட்டு நான் வேலை பார்த்ததில்ல," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தலைவியிடம் போனாள்.

"மேடம், எனக்கு வாசனையே தெரியாது. ஒரு வருஷமாச்சு. இவர் மோந்து சொல்லுவார், இன்னைக்கு இவருக்கும் சளி. புல்லை வெட்டினது என் தப்பு, நானே பழையபடி போட்டுத் தரேன். ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க. கூடவே உங்க மூக்கையும் குடுங்க."

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டு வரும் என்று புருஷன் தோளைக் குறுக்கிக்கொண்டார். "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார் தலைவி.

ஆறு பாட்டில் பிடித்தாள். போர் ஒன்று, தொட்டி ஒன்று, தெளிப்பான்களுக்குப் போகும் நாலு குழாய் லைனிலும் முதலில் வரும் தண்ணீர் ஒவ்வொன்று. தலைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்தார். போர் சுத்தம். தொட்டி சுத்தம். ஐந்தாவது பாட்டிலில், "ஐயய்யோ! முட்டை, அழுகின முட்டை!" என்று தூர வீசினார். அது மூன்றாவது லைன்.

பைப்பக்கா அந்த லைனின் தெளிப்பானைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். கருப்பாக, கொழகொழவென்று பிசின் ஒட்டியது. இதற்கு மூக்கு எதற்கு? லைன் போகும் வழியே நடந்தாள். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் போய் முட்டிக்கொண்டாள்.

"இந்தத் தரை எப்ப போட்டீங்க?"

"போன கோடையில. முன்னாடி பூச்செடி இருந்துச்சு."

"செடிக்குப் போன பைப்பு?"

தலைவிக்குத் தெரியவில்லை. கொத்தனார்கள் அதன் முனையை அடைத்து, மேலே சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இருபதடிக் குழாய் நிறையத் தண்ணீர், வெளியே போக வழியில்லாமல், வெயிலில் காய்ந்த தரைக்கு அடியில் மாதக்கணக்காக அழுகிக்கொண்டிருந்தது.

தரையோரமாகத் தோண்டி, அந்தக் கிளை பிரியும் இடத்தில் அறுத்தாள். கரேலென்று தண்ணீர் பீறிட்டது. தலைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் அந்தக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு சாவகாசமாக மூடி பொருத்தினார்கள். பிறகு லைனைக் குளோரின் ஊற்றிக் கழுவினாள். ஊறவைத்து, இன்னொரு முறை கழுவிவிட்டு, தெளிப்பானைத் திறந்தாள். தலைவி நடுப்புல்லில் நின்று, நனைந்துகொண்டே மூச்சை இழுத்தார்.

"வெறும் தண்ணி!" என்று கத்தினார்.

சாயங்காலக் கூட்டத்தில் பைப்பக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவி ஒன்று விடாமல் சொன்னார்; வீணாக வெட்டிய குழியையும் சொன்னார், வேலை செய்யாத மூக்கையும் சொன்னார். ஒருவர் எழுந்தார். "வாடையே தெரியாதவங்ககிட்ட எப்படிங்க தண்ணிய ஒப்படைக்கிறது?"

"இந்த நாற்பது வீட்டுல நூத்தியம்பது மூக்கு இருக்கு," என்றார் தலைவி. "நாறுதுன்னு சொல்ல அத்தனை பேரும் இருக்கோம். எங்கேருந்து நாறுதுன்னு சொன்னது இந்த ஒருத்தர்தான்."

கைகள் உயர்ந்தன. கேள்வி கேட்டவரின் கையும், கொஞ்சம் தாமதமாக. பைப்பக்காவின் புருஷன், தனக்கு ஓட்டில்லை என்பதையே மறந்து, இரண்டு கையையும் தூக்கினார்.

பைப்பக்கா எழுந்து நின்றாள். இத்தனை பெருமையாக அவள் வாழ்க்கையில் எங்கேயும் நின்றதில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு முதல் வீட்டுல ஆரம்பிக்கிறேன்," என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு வாசனை தெரியாது. வீட்டுக்கு ஒருத்தர் மோந்து பார்க்க வந்து நில்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."